ஏழாவது ஆள்

மதியம் மூன்று மணி. பன்னிரண்டு கிலோமீட்டர் மண்சாலை. இரண்டு பக்கமும் இடுப்பளவுப் புதர். ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரே ஒரு வேன் போய்க்கொண்டிருக்கிறது...

பட்டப்பகலில் பேயா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது நல்ல வெளிச்சத்தில் நடந்தது. வெளிச்சம் இல்லாவிட்டால் நடந்தே இருக்காது. அந்த மெழுகுவத்தியை நடுவில் வையுங்கள்... போதும். ஜன்னலோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள்.

என்னுடன் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். எனக்குப் பக்கத்து மேசை. அவளுடைய தாய்மாமாவுக்கு நடந்தது இது. அவள் சொல்வதுபோல நானும் அவரை மாமா என்றே சொல்கிறேன்.

மாமாவுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பிறவியிலேயே அப்படி. இரண்டும் அவருக்கு ஒரே சேற்று நிறம். இருபது வயதில் ரயில் ஓட்டும் வேலைக்கு மனு போட்டார். கண் பரிசோதனையில் ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார்கள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். நடுவில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். "எண்ணா? எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அன்றோடு ரயில் போயிற்று. அத்தை அவரைத் தக்காளி வாங்க அனுப்பவே மாட்டார். "இவரை அனுப்புறதுக்கு ஒரு ஆட்டை அனுப்பலாம். அதுவாவது மோந்து பாத்து எடுத்துட்டு வரும்" என்பார்.

அந்தக் கண்ணுக்காகவே மாமாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. நல்ல சம்பளம்.

ஒரு கம்பெனி மறைப்புத் துணி செய்தது. ராணுவக்காரர்கள் போட்டுக்கொள்வது, காட்டில் ஒளிந்திருந்து விலங்குகளைப் படம் எடுப்பவர்கள் போர்த்திக்கொள்வது, அந்த மாதிரித் துணி. புதுத் துணி தயாரானால் ஆறு ஆட்கள் அதைப் போர்த்திக்கொண்டு புதருக்குள் போய்ப் படுத்துவிடுவார்கள். உயரமான இரும்புப் பரண்மேல் மாமா நிற்பார். விசில் ஊதியதும் ஆட்களைத் தேட வேண்டும். அவர் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறாரோ, அதுதான் துணிக்கு மார்க்.

சாதாரணக் கண்காரர்கள் ஒரு மணி நேரம் பார்த்தாலும் ஆறில் இரண்டைத்தான் பிடிப்பார்கள். மாமா பத்து நிமிடத்தில் ஆறையும் பிடித்துவிடுவார். எல்லாரும் அவரைக் கழுகு என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தச் சோதனைகளை நடத்திய ஆராய்ச்சி மேடம் எல்லாருக்கும் இப்படித்தான் விளக்குவாராம்: "நம்ம கண்ணு முதல்ல நிறத்தைத்தான் பிடிக்கும். பச்சைக்குள்ள பச்சை, செம்மண்ணுல சிவப்புன்னு இருந்தா, சரி இதுவும் புதருதான்னு விட்டுடும். இவரை நிறத்தைக் காட்டி ஏமாத்த முடியாது. இவரு ஓரத்தைப் பாக்குறாரு. நிழலைப் பாக்குறாரு. எந்த இலை அளவுக்கு மீறி ஒழுங்கா இருக்குன்னு பாக்குறாரு."

அத்தையின் தம்பிக்கும் மாமாதான் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். துணியைச் சுற்றிக்கொண்டு சுருண்டு படுத்தால் கடையில் கட்டிக் கொடுத்த மாதிரியே இருப்பானாம். அதனால் பொட்டலம் என்று பெயர். கல்யாணமாகி நான்கு மாதம். "இவன் மேல ஒரு கீறல் விழுந்தாலும் நான் உங்களைத்தான் கேப்பேன்" என்று அத்தை மாமாவிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

அன்றைக்கு வேனில் போனவர்கள் ஒன்பது பேர். ஆறு ஆட்கள், மாமா, மேடம், டிரைவர். அந்த இடத்தில் முதல் தடவை. பழைய மைதானத்தில் ஒவ்வொரு புதரும் மாமாவுக்கு மனப்பாடமாகிவிட்டது என்று மேடம் புது இடம் பார்த்திருந்தார். சுற்றிலும் புதர், நடுநடுவே ஆள் உயரக் கரையான் புற்றுகள். காற்று இல்லை. ஒரு பறவைச் சத்தமும் இல்லை.

விசில் ஊதினார்கள்.

மாமா பதினோரு நிமிடத்தில் ஆறு பேரையும் பிடித்தார். பிடிபட்டவன் எழுந்து வெள்ளைக் கொடியைக் காட்ட வேண்டும். ஆறு கொடிகள். மேடம் நேரத்தைக் குறித்துக்கொண்டு நோட்டை மூடினார்.

மாமா இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேடம்... ஏழாவது ஆளு யாரு?"

மேடம் சிரித்தார். "கழுகுக்கும் வயசாயிடுச்சு. போனதே ஆறு பேருதான்."

"அந்தப் பெரிய புத்துக்கு வலப்பக்கம். முட்டி போட்டு உக்காந்திருக்கு."

இருக்கான் என்று சொல்லவில்லை. இருக்கு என்றார். மேடத்துக்கு அது அப்போதே காதில் உறைத்ததாம்.

மேடம் பைனாகுலரை எடுத்துப் பார்த்தார். செம்மண் புற்று. அதை ஒட்டிப் பச்சைப் புதர். வேறொன்றும் இல்லை. மாமா விரலை நீட்டி, இங்கே தலை, இங்கே தோள், கை தரையைத் தொடுகிறது என்று கோடு போட்டுக் காட்டினார். மேடம் எவ்வளவு உற்றுப் பார்த்தும் மண்ணும் இலையும்தான். ஆனால் மாமாவுக்கு மண்ணும் இலையும் ஒரே நிறம். அந்த நிறத்தின்மேல் தலைமுதல் கால்வரை ஓரம் தெளிவாகத் தெரிந்தது. துணி இல்லை. உடம்பே அப்படி. கைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. அது பரண் பக்கம் பார்க்கவில்லை. தனக்குக் கிட்டத்தில் கொடி பிடித்து நின்ற பாட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாட்டுக்காரர் என்றால் ஆறு பேரில் வயதானவர். சும்மா நிற்கும்போதெல்லாம் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். அவருடைய வாக்கி-டாக்கியை அணைக்க மறந்துவிடுவார். அன்றும் அப்படித்தான். பரண்மேல் மேடத்தின் கையில் இருந்த கருவியில் அவர் முனகல் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது...

திரும்பி வரும்படி மேடம் இரண்டாவது விசில் ஊதினார். ஆறு பேரும் வரிசையாக நடக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் பாட்டுக்காரர். மாமா எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு...

ஏழு.

அது பாட்டுக்காரருக்குப் பின்னால் வந்தது. அவர் கால் எடுத்த இடத்தில் அது கால் வைத்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது.

மாமா கருவியைப் பிடுங்கினார். "பாட்டுக்காரரே, திரும்பிப் பாக்காம நேரா வாங்க."

அப்படிச் சொன்னால் யார்தான் திரும்பாமல் இருப்பார்கள்?

பாட்டு நடுவில் நின்றது. கருவியில் ஒரு சத்தம். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பார்களே, அந்தச் சத்தம். மேடம் பார்த்தது இதுதான்: பாட்டுக்காரரின் தலை தானாகவே முதுகுப் பக்கம் திரும்பியது. பிறகு அவர் உடம்பு தானாகவே தரையிலிருந்து எழும்பியது. தானாகவே போய்ப் புற்றில் மோதியது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை புற்று உடைந்து விழுந்தது. செம்மண்ணில் ரத்தம் சிந்தியதுகூட மேடத்துக்குத் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்தது. நிறத்தில் ஏமாறாத கண்ணுக்கு நனைந்து கருத்த மண் தனியாகத் தெரியும்.

மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள்.

"சிதறாதீங்க, வேனுக்கு வாங்க. புத்துப் பக்கம் யாரும் போகாதீங்க. இடப்பக்கமா வாங்க... அது வலப்பக்கம் இருக்கு." மாமா கத்தவில்லையாம். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பதுபோல நிதானமாகச் சொன்னாராம். அவர் ஒருவர் கண்தான் அத்தனை பேருக்கும் கண். நான்கு பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

பொட்டலம் வரவில்லை. போர்த்தியிருந்த துணி முள்ளில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டு நின்றான்.

"மாப்ளே, துணியை விட்டுட்டு ஓடி வாடா."

"கழட்ட முடியலை அத்தான். அது எங்க இருக்கு?"

 மாமா அதற்குள் பரணிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அது பொட்டலத்தின் கணுக்காலைப் பிடித்துவிட்டிருந்தது. அவன் குப்புற விழுந்தான். முகம் மண்ணில் தேய, புதருக்குள் இழுபட்டான். நகத்தை மண்ணில் ஊன்றியிருக்கிறான். மூன்று நகம் மண்ணிலேயே நின்றுவிட்டது.

மாமா வேனிலிருந்து ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு ஓடினார். ஐம்பத்திரண்டு வயது, தொந்தி வேறு. ஓடினார். அது குனிந்து பொட்டலத்தின் இன்னொரு காலையும் பிடிக்கும்போது முதல் அடி. ஈர மூட்டையை அடித்ததுபோல் பொதக்கென்று சத்தம். இரண்டாவது அடியில் உள்ளே ஏதோ முறிந்தது. மூன்றாவது அடி தலையில். அவர் முகத்தில் வெதுவெதுப்பாக ஏதோ தெறித்தது. மழையில் நனைந்து மூட்டைக்குள்ளேயே புளித்துப்போன துணியின் வாடை அடித்தது.

அது காலை விட்டுவிட்டு நிமிர்ந்தது.

மாமாவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. கை ஓங்கவில்லை. அவர் வலக்கண்ணைப் பார்த்தது. பிறகு இடக்கண்ணை. மறுபடி வலக்கண்ணை... கண் டாக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதுபோல், அவசரமே இல்லாமல்.

பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழிந்துபோனது. சிலேட்டை ஈரத் துணியால் துடைத்த மாதிரி. ஓரம் இல்லை, நிழல் இல்லை. எதிரில் வெறும் புதர்.

மாமா ராடை வீசிப் பார்த்தார். காற்றில் போனது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

ஆனால் பரணிலிருந்து இறங்கி வேன் பக்கத்தில் நின்ற மேடமும், டிரைவரும், அந்த நான்கு பேரும் அப்போதுதான் முதல் முதலாக அதைப் பார்த்தார்கள்.

பச்சைப் புதர் நடுவே, தலைமுதல் கால்வரை ரத்தச் சிவப்பாக, மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

புரிகிறதல்லவா? உலகத்தில் ஒருத்தர் தன்னைப் பார்க்கிறார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு ஏற்ற வேஷத்தைப் போட்டுக்கொண்டது. அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும் அதற்குக் கவலையில்லை.

முதலில் வாய் திறந்தது டிரைவர்தான். "அண்ணே, பின்னாடி... செவப்பா..."

அவ்வளவுதான் சொன்னார். முப்பது அடி தூரத்தை அது எப்படிக் கடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. டிரைவரின் கீழ்த்தாடையைப் பிடித்து, மேசை டிராயரை இழுப்பதுபோல் கீழே இழுத்தது. தாடை கையோடு வந்துவிட்டது. அவர் வேன் கதவைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். தொண்டையிலிருந்து குமிழி உடையும் சத்தம் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது... பிறகு அதுவும் நின்றது.

மாமாவுக்குத் தெரிந்தது டிரைவர் கிழிபட்டது மட்டும்தான். கிழித்தது தெரியவில்லை. பொட்டலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, ராடை நீட்டியபடி வந்தார். "எங்க இருக்கு? யாராவது பாத்தீங்களா? சொல்லுங்க, எங்க இருக்கு?"

அவருக்குப் பின்னால் அது வந்துகொண்டிருந்தது. அவர் தோளுக்கு மேலே குனிந்து ஒவ்வொருவர் வாயையும் பார்த்தது.

பொட்டலம் தலையைத் திருப்பினான். பார்த்துவிட்டான். வாயைத் திறந்தான். மேடம் பாய்ந்து போய்த் தன் உள்ளங்கையால் அவன் வாயை அடைத்தார். அவன் பல் மேடத்தின் கையில் இறங்கியது. மேடம் கையை எடுக்கவில்லை.

"போயிடுச்சு" என்றார் மேடம். குரல் நடுங்கவில்லையாம். "நீங்க அடிச்ச அடியில ஓடிப்போச்சு. வண்டியில ஏறுங்க."

மேடம்தான் வேனை ஓட்டினார். பன்னிரண்டு கிலோமீட்டர். யாரும் பின்னால் திரும்பவில்லை.  "அந்த வாடை சட்டையிலயே ஒட்டிக்கிச்சு. ஜன்னலைத் திறங்கப்பா" என்று மாமா மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார்.

போலீஸ் வந்தது. இரண்டு பேரையும் காட்டு மிருகம் கொன்றதாக எழுதிக்கொண்டார்கள். எந்த மிருகம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டார்கள். அந்த இடத்துக்குக் கம்பி வேலி போட்டார்கள். உள்ளே இப்போது ஒன்றும் இல்லை என்பது உயிரோடு வந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

மாமா வேலையை விட்டுவிட்டார். வீட்டோடுதான் இருக்கிறார்.

முதல் வாரம் அத்தைக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுச் சுவர் எல்லாம் வெள்ளை. அதுவும் வெள்ளையாகிக்கொண்டது. ஒரு நாள் காலையில் துவைத்த துணியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு நடையில் போகும்போது அத்தை சுவரில் இடித்துக்கொண்டார். சுவர் இருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டடி முன்னாலேயே இடித்துக்கொண்டார். மெத்தென்று இருந்தது. மூச்சு விட்டது.

அத்தை கத்தவில்லை. துணியைக் கொண்டுபோய்க் கொடியில் காயப் போட்டார். பிறகு ஆஸ்பத்திரியில் காலில் கட்டோடு கிடந்த தம்பியைப் போய்ப் பார்த்தார். அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அவனைப் பார்க்க வந்திருந்த மேடம்தான் ஒரு யோசனை சொன்னார்: "அது அவரு கண்ணைப் பாத்துதான் நிறம் போடுது. இப்ப அதுக்கும் பச்சையும் சிவப்பும் ஒண்ணாயிடுச்சு. வீடு பூரா பச்சை அடிங்க. எங்க நிக்குதுன்னு உங்களுக்காவது தெரியும்."

அடுத்த நாளே பெயின்டர் வந்தார். கூடம், படுக்கையறை, நடை, சமையலறை, கூரைகூடப் பச்சை. "என்ன கலரு?" என்று மாமா கேட்டிருக்கிறார். "உங்களுக்கு எதுக்கு, ஏதோ ஒரு கலரு" என்றாராம் அத்தை. அதன்பிறகு அத்தை எதன்மேலும் இடித்துக்கொள்ளவில்லை. சமைக்கும்போது மாமா பின்னால் வந்து நின்றால், அவருக்கும் பின்னால் இன்னொன்றுக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்வார்.

மின்சார மீட்டர் பார்க்க வந்த ஒருவருக்கு இது தெரியாது. "யாரு சார் அது?" என்று கையை நீட்டினார். நீட்டிய கையில் இப்போது இரண்டு விரல்தான். கதவு இடுக்கில் நசுங்கிவிட்டது என்று அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறார்.

பொட்டலம் ஊன்றுகோலோடு நடக்கிறான். அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

இதெல்லாம் போன மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. மாமாவுக்குச் சர்க்கரை. எங்கள் லேபில்தான் ரத்தம் பார்த்தார்கள். அந்த ரிப்போர்ட்டைக் கொடுக்கத் தோழியோடு நானும் போனேன். மாடிப்படியில் நிறுத்தி முழுவதையும் சொன்னாள். நான் நம்பவில்லை. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உள்ள எதைப் பாத்தாலும் மாமா முகத்தைப் பாத்தே பேசு" என்றாள். "அவரு சிரிச்சா நீயும் சிரி."

மாமாவே கதவைத் திறந்தார். நீலச் சட்டை, நல்ல சிரித்த முகம். எனக்கு ஒரே நிம்மதி. கூடத்தில் மூன்று நாற்காலி. ஒன்றில் மாமா, ஒன்றில் தோழி. அத்தை சமையலறை வாசலில் தண்ணீர் டம்ளரோடு நின்றார். மாமா ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை. கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"மூணே அடிதாம்மா. ஒண்ணு, ரெண்டு, மூணு. அன்னிக்கு ஓடினதுதான், இன்னிக்கு வரைக்கும் ஆளைக் காணோம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.  மூன்றாவது நாற்காலியை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. பச்சைச் சுவருக்கு எதிரே, கண்ணின் ஓரத்தில், தோல் உரித்த மாதிரி அவ்வளவு சிவப்பு.

"ஏம்மா நின்னுக்கிட்டே இருக்க? அந்த நாற்காலி சும்மாத்தானே கெடக்கு. உக்காரு."

"பரவால்ல மாமா. நிக்கிறேன்."

"அவ நிக்கட்டும் விடுங்க. உக்காந்து உக்காந்து வேலை பாக்குறவ" என்றார் அத்தை.

"வர்றவங்க எல்லாரும் இப்படித்தான்" என்றார் மாமா. "அந்த நாற்காலியில யாருமே உக்கார மாட்டேங்கறாங்க. சரி, நீ இங்க வந்து உக்காரு. நான் அதுல உக்காந்துக்கறேன்."

எழுந்தார். அத்தை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தோழி தரையைப் பார்த்தாள். மாமா நான்கு அடி நடந்து, எங்கள் பக்கம் திரும்பி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். அகன்று கிடந்த இரண்டு சிவப்பு முழங்கால்கள் மெதுவாக ஒன்றாகச் சேர்ந்தன.

மாமா உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்துகொண்டார். இரண்டு பக்கமிருந்தும் நீளமான கைகள் வந்து அவர் வயிற்றைச் சுற்றிக்கொண்டன. சட்டையைத் தொட்டதும் அவை நீலமாயின. அதன்பிறகு எனக்கும் தெரியவில்லை. சட்டைத் துணி மட்டும் அழுந்திச் சுருங்கியது.

"நீங்க யாரும் உக்காராததும் நல்லதுக்குத்தான்" என்றார் மாமா, கண்ணை மூடிக்கொண்டு. "இந்த வீட்டுலயே இதுதான் சௌகரியமான நாற்காலி. எப்பவும் கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும்."